செவியில் தொடங்கும் நடனம்

'பெல்லி டான்ஸ்' என்று உலகம் அழைக்கும் நடனத்துக்கு, அது வளர்ந்து செழித்த எகிப்தில் அப்படியொரு பெயர் கிடையாது. அங்கே அதன் பெயர் 'ரக்ஸ் ஷர்க்கி'. கிழக்கத்திய நடனம் என்பது பொருள். வீடுகளிலும் தெருக்களிலும் ஆடப்படும் அதன் எளிய வடிவத்தை 'ரக்ஸ் பலதி' என்பார்கள். 'பலதி' என்றால் ஊர்ப்புறத்தைச் சேர்ந்தது, சொந்த மண்ணுக்குரியது. 'வயிற்று நடனம்' என்பது 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் சூட்டிய பெயர். 1893-இல் சிகாகோ நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில், கெய்ரோ வீதி என்ற பெயரில் அமைக்கப்பட்ட காட்சித்திடலின் வழியாக அந்தப் பெயர் ஆங்கிலத்திலும் நிலைபெற்றது.

பார்க்க வந்த அயலாரின் கண் எங்கே நிலைகுத்தி நின்றது என்பதை அந்தப் பெயர் காட்டிக்கொடுக்கிறது. ஆடுபவர் என்ன செய்கிறார் என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. பெயரோடு சேர்ந்து அந்தப் பார்வையும் உலகெங்கும் பரவிவிட்டது. இன்று பல நாடுகளில், உடற்பயிற்சிக் கூடங்களிலும் நடனப் பள்ளிகளிலும் இந்நடனத்தைக் கற்கப் பெண்கள் ஆர்வத்தோடு சேர்கின்றனர். அவர்களில் பலர், இடுப்பையும் வயிற்றையும் எத்தனை விதமாக அசைக்க முடியும் என்பதே கற்க வேண்டிய பொருள் என்று எண்ணிக்கொள்கின்றனர். சில ஆண்டுகள் கடுமையாகப் பயின்ற பின்னரும் தங்கள் ஆட்டத்தில் ஏதோ ஒன்று குறைகிறது என்பதை அவர்களே உணர்கின்றனர். அந்தக் குறை பெரும்பாலும் உடலில் இருப்பதில்லை, செவியில் இருக்கிறது. இந்நடனத்தில் தேர்ச்சி என்பது அடிப்படையில் இசையைக் கேட்கும் ஆற்றலின் வளர்ச்சி என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வீட்டிலிருந்து மேடைக்கு

எகிப்தில் பெரும்பாலான பெண்கள் இந்நடனத்தைப் பள்ளிக்குச் சென்று கற்பதில்லை. திருமண வீட்டிலும், பெண்கள் மட்டும் கூடியிருக்கும் அறையிலும், கைதட்டலுக்கும் முழவொலிக்கும் நடுவே தாயும் அத்தையும் ஆடுவதைப் பார்த்துச் சிறுமிகள் தாங்களும் ஆடத் தொடங்குகின்றனர். குழந்தை பேசக் கற்பதைப் போன்றது இது. பேசத் தொடங்குவதற்கு முன்பே குழந்தை பல மாதங்கள் மொழியைக் கேட்டிருக்கிறது. அதுபோலவே, அந்தச் சிறுமி முதல் அசைவை முயல்வதற்கு முன்பே அதற்குரிய தாளங்களையும் பாடல்களையும் ஆண்டுக்கணக்கில் கேட்டிருக்கிறாள். வெளியே இருந்து கற்க வருபவருக்கு அந்த ஆண்டுகள் வாய்க்கவில்லை. அவருக்கு அசைவு மட்டும் முதலில் கிடைக்கிறது. இசை பிறகுதான் வருகிறது. இந்த வரிசை மாற்றத்தைப் புரிந்துகொண்டால், கற்பதில் எழும் இடர்ப்பாடுகளில் பாதி விளங்கிவிடும்.

வீட்டில் ஆடுவது வேறு, அதைத் தொழிலாகக் கொள்வது வேறு. செல்வர் வீடுகளில் பாடியும் ஆடியும் வந்த 'அவாலிம்' எனும் பெண் கலைஞர்களும், தெருக்களிலும் விழாக்களிலும் ஆடிய 'கவாஸி' மகளிரும் பழைய கெய்ரோவில் இருந்தனர். ஆங்கிலேய அறிஞர் எட்வர்டு லேன் 1836-இல் வெளியிட்ட எகிப்தியர் வாழ்க்கைமுறை குறித்த நூலில் இவ்விரு பிரிவினரையும் பற்றி எழுதியிருக்கிறார். 1834-இல் எகிப்தின் ஆட்சியாளர் முகம்மது அலி, பொதுவிடங்களில் ஆடும் பெண்களைக் கெய்ரோவிலிருந்து வெளியேற்றினார். அவர்கள் தெற்கே எஸ்னா முதலிய ஊர்களுக்குச் சென்றனர். ஆட்டத்தை விரும்புவது, ஆடுபவரை விலக்குவது என்ற முரண்பாடு அன்றே தொடங்கிவிட்டது.

நாம் இன்று திரைப்படங்களில் காணும் மேடை வடிவம் ஏறத்தாழ நூறாண்டு வயதுடையது. டமாஸ்கஸில் பிறந்த பதியா மஸப்னி எனும் கலைஞர் 1926-இல் கெய்ரோவில் ஓர் இசை அரங்கைத் தொடங்கினார். வீட்டு முற்றத்தில் நின்ற இடத்திலேயே ஆடிய நடனம் அகன்ற மேடைக்கு வந்தபோது சில மாற்றங்கள் தேவைப்பட்டன. மேடையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் செல்லும் நடைகள் சேர்ந்தன. கைகள் உயர்ந்து விரிந்தன. சிறிய இசைக்குழு பெரிதாயிற்று. மேலைநாட்டு நடன அமைப்பாளர்களின் தாக்கமும் கலந்தது. தஹியா கரியோகா, சாமியா கமால் ஆகிய பெரும் கலைஞர்கள் அந்த அரங்கில் ஆடியே பெயர் பெற்றனர். பிறகு எகிப்தியத் திரைப்படங்கள் அவர்களை அரபு உலகெங்கும் கொண்டுசென்றன. வட்டரங்குக் கலைஞர் குடும்பத்திலிருந்து வந்த நைமா அகெஃபும் அவ்வாறே திரையில் புகழ்பெற்றார்.

ஆகவே, வீடு, அரங்கு, திரை ஆகிய மூன்றுமே இந்நடனத்தின் பள்ளிகளாக இருந்திருக்கின்றன. இலக்கண நூலோ, எல்லோரும் ஏற்ற பாடத்திட்டமோ, அடவுகளுக்குப் பொதுவான பெயர்ப்பட்டியலோ இதற்கு உருவாகவில்லை. மாணவர் முன்னால் ஆசிரியர் ஆடுவார், மாணவர் பின்தொடர்வார். அசைவுகளுக்கு இன்று வழங்கும் பெயர்களில் பெரும்பாலானவை, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பாடம் நடத்த நேர்ந்தவர்கள் வசதிக்காக வைத்துக்கொண்டவை.

உடலைப் பழக்குதல்

செவியே முதன்மை என்பதால் உடற்பயிற்சியை எளிதாக எண்ணிவிடலாகாது. கேட்டதைக் காட்ட உடல் ஒத்துழைக்க வேண்டும். அதற்கான பயிற்சி நீண்டது, பொறுமை கோருவது.

முதலில் நிற்கும் முறை. முழங்கால்கள் விறைப்பாக நிமிராமல் சற்றே தளர்ந்திருக்க வேண்டும். மார்பு உயர்ந்தும் தோள்கள் தாழ்ந்தும் இருக்க வேண்டும். இடுப்பெலும்பு முன்னோ பின்னோ சாயாமல் நடுநிலையில் நிற்க வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் இடுப்பின் அசைவைப் பெரிதாகக் காட்டும் ஆசையில் கீழ்முதுகை உட்புறமாக வளைத்துப் பின்பகுதியைத் தள்ளுகின்றனர். அந்த நிலையில் தொடர்ந்து ஆடினால் முதுகெலும்பின் கீழ்ப்பகுதி அழுத்தப்பட்டு வலி உண்டாகும். இந்நடனம் உடலுக்கு இதமானது என்று பலர் சொல்வது, நிற்கும் முறை சரியாக இருக்கும் வரையில் மட்டுமே உண்மை.

அடுத்தது, உடலின் ஒரு பகுதியை அசைக்கும்போது மற்றப் பகுதிகளை நிலையாக வைத்திருக்கும் திறன். மார்பு அசையாமல் இடுப்பு மட்டும் பக்கவாட்டில் நகர வேண்டும். இடுப்பு நிற்க, மார்பு வட்டமிட வேண்டும். இடுப்பால் கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் எட்டு என்ற எண்ணின் வடிவை வரைய வேண்டும். மார்பில் தொடங்கி வயிற்றின் வழியே இடுப்புக்கு இறங்கும் அலையை உருவாக்க வேண்டும். ஒரு காலில் எடையை ஊன்றி, மறுகாலின் முன்பாதத்தை மட்டும் தரையில் பதித்து, அந்தப் பக்கத்து இடுப்பை உயர்த்தித் தாளத்தின் அடியில் விழச் செய்ய வேண்டும். விலாப்புறத்துச் சாய்தசைகளும் அடிவயிற்றின் ஆழ்தசைகளும் தொடைத் தசைகளும் இதற்கெல்லாம் பழக வேண்டும்.

இடுப்பின் விரைவான நடுக்கமான 'ஷிம்மி'யே பார்வையாளரை மிகவும் ஈர்ப்பது. எகிப்திய முறையில் அது பெரும்பாலும் முழங்கால்களிலிருந்து பிறக்கிறது. இரு முழங்கால்களும் மாறி மாறி மடங்கி நிமிர, தளர்ந்திருக்கும் இடுப்பு அதன் விளைவாக அதிர்கிறது. இடுப்பை வலிந்து ஆட்டினால் தசை இறுகி நடுக்கம் நின்றுவிடும். ஆகவே இதில் கற்க வேண்டியது முயற்சியைக் கூட்டுவதன்று, தளர்த்துவது. மிக மெதுவாகத் தொடங்கி, வேகத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டி, மூச்சை அடக்காமல் ஒரு முழுப் பாடலுக்கும் நிலைக்கச் செய்வது சில மாதப் பயிற்சி. அதோடு நடந்துகொண்டும், கைகளை வேறு வேகத்தில் இயக்கிக்கொண்டும், மேலுடலில் அலையெழுப்பிக்கொண்டும் ஆடுவது சில ஆண்டுப் பயிற்சி.

சேகரிப்பும் தேக்கமும்

இந்தக் கட்டத்தில்தான் பலர் தேங்கி நின்றுவிடுகின்றனர். ஓர் அசைவைக் கற்றவுடன் அடுத்த அசைவு, ஓர் ஆட்ட அமைப்பை மனப்பாடம் செய்தவுடன் அடுத்த அமைப்பு என்று தொகுத்துக்கொண்டே போகின்றனர். கையில் அசைவுகள் பெருகுகின்றன. ஆனால் எந்தப் பாடல் ஒலித்தாலும் ஆட்டம் ஒன்றுபோலவே இருக்கிறது. ஒலியை நிறுத்திவிட்டுக் காணொளியைப் பார்த்தால், ஆடப்படுவது எந்தப் பாடலுக்கு என்று ஊகிக்க முடிவதில்லை.

நிறையச் சொற்களை மனப்பாடம் செய்தவர் ஒரு மொழியைப் பேசத் தெரிந்தவர் ஆவதில்லை. எதிரில் இருப்பவர் கேட்டதைப் புரிந்துகொண்டு மறுமொழி சொல்பவரே பேசத் தெரிந்தவர். ரக்ஸ் ஷர்க்கி மரபில் ஆடுபவருக்கு எதிரில் இருப்பது இசை. அது பெரும்பாலும் அந்தக் கணத்தில் தோன்றும் ஆட்டமாகவே வளர்ந்தது. முன்கூட்டியே அமைத்து ஆடும் முறை மேடையோடும் குழு நடனத்தோடும் வலுப்பெற்றது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக் வீரராகக் கலந்துகொண்ட மஹ்மூத் ரிதா 1959-இல் தொடங்கிய ரிதா நடனக்குழு இதில் குறிப்பிடத்தக்க பங்காற்றியது. எகிப்தின் பல பகுதிகளிலும் கண்ட நாட்டுப்புற ஆட்டங்களைத் தழுவி மேடைக்கேற்ற நடனங்களை அவர் உருவாக்கினார். அக்குழுவில் பயின்ற பலர் பின்னாளில் சிறந்த ஆசிரியர்களாயினர். ஒழுங்கும், கோடுகளின் தெளிவும், மேடையைப் பயன்படுத்தும் அறிவும் அவர்கள் வழியே கிடைத்த செல்வங்கள். அமைத்து ஆடுவது தவறன்று. அது கற்றலின் ஒரு கருவி. அதுவே கற்றலின் முடிவாகிவிடலாகாது.

தாளமும் கருவிகளும்

அப்படியானால் செவியைப் பழக்குவது எப்படி? முதல் படி தாளம். எகிப்தியர் 'தப்லா' என்று அழைப்பது நம் நாட்டுத் தபலா அன்று. கோப்பை வடிவில், ஒரே முகம் கொண்ட முழவு. அதன் நடுவில் தட்டும்போது எழும் கனத்த ஒலி 'தும்'. விளிம்பில் எழும் கூரிய ஒலி 'தக்'. மிருதங்கத்தின் தொப்பிக்கும் வலந்தலைக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. 'தும்' ஒலிக்கும்போது உடலின் எடை கீழிறங்குகிறது, இடுப்பு விழுகிறது. 'தக்' ஒலியில் அசைவு இலேசாகிறது.

மிகப் பரவலான தாளம் 'மக்ஸூம்'. எட்டு சிற்றெண்ணிக்கையில் முதலும் ஐந்தும் தும். இரண்டும் நான்கும் ஏழும் தக். இரண்டாம் இடத்தில் வரும் தக் ஒலியைத் தும் ஒலியாக மாற்றினால் அதுவே பலதி ஆட்டத்துக்குரிய கனத்த தாளமாகிவிடுகிறது. நான்காம் இடத்தில் உள்ள தக் ஒலியைத் தும் ஆக்கினால், நடுவில் இரண்டு தும்கள் அடுத்தடுத்து விழும் 'ஸயீதி' பிறக்கிறது. அது மேல் எகிப்தின் தாளம். ஆண்கள் கோலேந்தி ஆடும் ஆட்டத்தோடு தொடர்புடையது. ஒரே ஓர் அடி மாறியதும் ஊரும் மண்ணும் மனநிலையும் மாறிவிடுகின்றன. ஸயீதி ஒலிக்கும்போது மென்மையான அரங்க நடையில் மிதந்து செல்பவரைப் பார்த்ததும், அவர் தாளத்தைக் கேட்கவில்லை என்பது எகிப்தியர் எவருக்கும் புலப்பட்டுவிடும். விரைவான இரண்டடித் தாளமான 'மல்ஃபூஃப்', மேடைக்குள் நுழையும் நடைக்கு உகந்தது. பத்து எண்ணிக்கை கொண்ட 'ஸமாயி' பழைய செவ்வியல் இசையைச் சேர்ந்தது.

இரண்டாம் படி இசைக்கருவிகள். தாளம் காலடியையும் எடையையும் தீர்மானிக்கிறது என்றால், கருவியின் தன்மை அசைவின் தன்மையைத் தீர்மானிக்கிறது. 'கானூன்' எனும் தந்திக்கருவியை வேகமாக மீட்டும்போது எழும் நடுங்கும் ஒலிக்கு இடுப்பின் நுண்ணிய நடுக்கம் பொருந்துகிறது. 'நாய்' எனும் நாணற்குழலின் நீண்ட மூச்சுக்கு மேலுடலின் மெல்லிய அலையும் கைகளின் தாமதமான எழுச்சியும் பொருந்துகின்றன. வயலின்களின் தொடரோட்டத்துக்கு இடுப்பின் எட்டு வடிவங்கள் இசைகின்றன. பலதி இசையின் உயிரான அக்கார்டியனுக்கோ தரையோடு ஒட்டிய, அவசரமில்லாத, கனத்த இடுப்பசைவே சரி. அரபு இசையின் பண்களான 'மகாம்'களில் மேலைச் சுரங்களுக்கு இடைப்பட்ட கால்சுரங்கள் உண்டு. அவற்றை வாசிப்பதற்காகவே எகிப்தியக் கலைஞர்கள் அக்கார்டியனைத் திருத்தியமைத்துக்கொண்டனர்.

தாளமின்றி ஒற்றைக் கருவி தனித்து வாசிக்கும் 'தக்ஸீம்' நம் ஆலாபனைக்கு ஒப்பானது. அங்கே எண்ணிக்கை உதவாது. வாசிப்பவரின் மூச்சையும் இழையையும் பின்தொடர வேண்டும். அவர் நிறுத்தும் இடத்தில் உடலும் நிற்க வேண்டும். முழவு மட்டும் ஒலிக்கும் பகுதி நம் தனி ஆவர்த்தனத்தை நினைவூட்டும். அங்கே ஒவ்வோர் அடிக்கும் உடல் துல்லியமாக விடை சொல்கிறது. ஆலாபனைக்கும் தனி ஆவர்த்தனத்துக்கும் ஒரேவிதமாகத் தலையசைக்கும் ரசிகரை நாம் ரசிகராக ஏற்போமா? இந்நடனத்தின் அறிந்த பார்வையாளரும் அவ்வாறே.

மூன்றாம் படி பாடலின் பொருள். 1964-இல் முகம்மது அப்துல் வஹாப் இசையமைக்க உம்மு குல்ஸூம் பாடிய 'இன்த உம்ரி' அரபு உலகின் தலைசிறந்த பாடல்களுள் ஒன்று. உம்மு குல்ஸூமின் பாடல்கள் ஒரு மணி நேரம் வரை நீள்பவை. ஒரே வரியை அவர் பலமுறை பாடுவார். ஒவ்வொரு முறையும் புதிய நிறம் சேரும். நிரவல் கேட்டுப் பழகிய செவிக்கு இது எளிதில் விளங்கும். இத்தகைய பாடல்களின் இசைக்கு ஆடிப் புகழ்பெற்றவர் ஸுஹைர் ஸகி. மீண்டும் வரும் வரிக்கு மீண்டும் அதே அசைவைத் தருவது, கேட்காதவர் ஆடும் ஆட்டம். மேலும், கருவியிசை மட்டுமே ஒலித்தாலும் அவையில் இருப்பவர்கள் மனத்துக்குள் சொற்களைப் பாடிக்கொண்டிருக்கின்றனர். பிரிவின் துயரைச் சொல்லும் வரிக்கு மலர்ந்த புன்னகையோடு கண்சிமிட்டினால் அந்த அவையோடு உள்ள தொடர்பு அங்கேயே அறுந்துவிடும். இசையில் தோய்ந்து தன்னை மறக்கும் நிலையை அரபு மொழியில் 'தரப்' என்பார்கள். ஆடுபவருக்கும் அவைக்கும் பொதுவான அந்த நிலையே இக்கலையின் இலக்கு.

குறைவாக அசைவதன் நுட்பம்

பாலஸ்தீன-அமெரிக்க அறிஞர் எட்வர்ட் சயீத் 1990-இல் தஹியா கரியோகாவைப் போற்றி ஒரு கட்டுரை எழுதினார். செவ்வியல் அரபு நடனக் கலைஞரின் மேன்மை எவ்வளவு அசைகிறார் என்பதில் இல்லை, எவ்வளவு குறைவாக அசைகிறார் என்பதில்தான் இருக்கிறது என்பது அவருடைய கருத்து. பழைய படங்களில் தஹியாவைப் பார்ப்பவர்கள் இதை உணரலாம். ஏறத்தாழ ஒரே இடத்தில் நின்றபடி, சிறிய அசைவுகளால் அவர் முழு அரங்கையும் தன்பால் ஈர்த்து வைத்திருக்கிறார். சாமியா கமாலின் பாங்கு வேறு. மேடை முழுவதும் சுழன்று, கைகளை விரித்து, மேலை நடனத்தின் சாயலோடு ஆடியவர் அவர். இருவரும் ஒரே அரங்கில் வளர்ந்தவர்கள். ஒருவரைப் போல் மற்றவர் ஆடவில்லை. இருவருக்கும் பொதுவானது, இசை அவர்களைவிட்டு ஒரு கணமும் விலகாததே.

கேட்கத் தெரிந்தவருக்கே குறைவாக அசையத் துணிவு வரும். கேட்கத் தெரியாதவர் வெற்றிடத்தைக் கண்டு அஞ்சுகிறார். ஒவ்வொரு நொடியையும் ஏதேனும் ஓர் அசைவால் நிரப்பிவிடுகிறார்.

எப்படிப் பயில்வது?

இதிலிருந்து கற்பவர்களுக்குச் சில நடைமுறை வழிகள் கிடைக்கின்றன. ஒரு மாதத்துக்கு ஒரே பாடலை எடுத்துக்கொள்ளலாம். முதல் வாரம் ஆடாமல் கேட்க வேண்டும். எந்த இடத்தில் எந்தக் கருவி முன்னே வருகிறது, தாளம் எங்கே மாறுகிறது, எங்கே நிற்கிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் வாரம் தாளத்தைக் கைகளால் தட்டியும் வாயால் சொல்லியும் பழக வேண்டும். விரல்களில் பூட்டி ஒலிக்கும் 'ஸகாத்' எனும் சிறு தாளங்கள் இருந்தால் இன்னும் நல்லது. மூன்றாம் வாரம் அந்தப் பாடலுக்கு வெறுமனே நடக்க வேண்டும். நான்காம் வாரம்தான் ஆட வேண்டும். அதுவும் மூன்றே அசைவுகளை மட்டும் கொண்டு. மூன்று அசைவுகளால் ஒரு முழுப் பாடலையும் சலிப்பின்றி ஆட முடிந்தால், வேகம், அளவு, எடை, இடைநிறுத்தம் ஆகியவற்றால் ஓர் அசைவு எத்தனை முகம் கொள்ளும் என்பது விளங்கிவிடும். முப்பது அசைவுகளைப் புதிதாகக் கற்பதைவிட இது பயன் தரும்.

கண்ணாடி முன் பயில்வது நிற்கும் முறையைத் திருத்த உதவும். ஆனால் கண்ணாடிக்கே பழகியவர் தம்மைத் தாமே பார்த்துக்கொண்டிருப்பாரே தவிர, இசையைக் கேட்கமாட்டார். பயிற்சி நேரத்தில் பாதியையாவது கண்ணாடிக்கு முதுகு காட்டிச் செலவிடுவது நல்லது. குறைகளைக் கண்டறியக் காணொளிப் பதிவு போதும். ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போது, அவர் எத்தனை ஆட்ட அமைப்புகளைக் கற்பிக்கிறார் என்பதைவிட, எந்தத் தாளம், எந்தக் கருவி, பாடலின் பொருள் என்ன என்று சொல்லித்தருகிறாரா என்பதைக் கவனிக்க வேண்டும். வாய்ப்புக் கிடைத்தால் ஒரு முழவுக் கலைஞரின் வாசிப்புக்கு நேரில் ஆடிப் பார்க்க வேண்டும். பதிவு செய்த இசை ஆடுபவரைப் பார்ப்பதில்லை. நேரில் வாசிப்பவர் பார்க்கிறார்; தயங்கினால் காத்திருக்கிறார், துணிந்தால் உடன் வருகிறார். இது இருவர் உரையாடும் கலை என்பது அப்போதுதான் உடலுக்குப் புரிகிறது.

கற்பிப்பவர் யார்?

இவற்றையெல்லாம் தனிமனித முன்னேற்றம் குறித்த அறிவுரைகளாக மட்டும் கொள்ள முடியாது. இக்கலையின் எதிர்காலமும் இதில் அடங்கியிருக்கிறது.

எகிப்தில் திருமணங்களிலும் விடுதிகளிலும் இந்நடனத்தை மகிழ்ந்து காண்பவர்கள், தங்கள் மகள் அதைத் தொழிலாகக் கொள்வதைப் பெரும்பாலும் விரும்புவதில்லை. மேடையில் ஆட அரசின் உரிமம் வேண்டும். உடைக்கும் விதிகள் உண்டு. 2003-இல் அயல்நாட்டு நடனக் கலைஞர்களுக்கு உரிமம் வழங்குவதை எகிப்து நிறுத்தியது. மறு ஆண்டே அந்தத் தடையை விலக்கிக்கொண்டது. அண்மை ஆண்டுகளில், இணையத்தில் வெளியான நடனக் காணொளிகளுக்காக ஒழுக்கக்கேட்டைத் தூண்டுவதாகக் குற்றஞ்சாட்டப்பட்டுப் பெண்கள் கைதாகியிருக்கின்றனர். சிலர் சிறைத்தண்டனையும் பெற்றிருக்கின்றனர். அதே கெய்ரோவுக்கு உலகின் பல நாடுகளிலிருந்தும் மாணவிகள் இந்நடனத்தைக் கற்க விழாக்களையும் பயிலரங்குகளையும் நாடி வந்துகொண்டிருக்கின்றனர். பிறந்த இடத்தில் மதிப்பிழந்து, வெளியே சந்தைப் பொருளாகும் நிலை இது.

வெளியே பரவுவதில் தவறில்லை. கலைகள் எப்போதும் பயணம் செய்தே வளர்ந்திருக்கின்றன. உடலுக்கு நலம் தரும் பயிற்சியாக ஒருவர் இதைக் கொள்வதும் அவருடைய விருப்பம். ஆனால் ஒரு கலையைப் பயணத்தில் எளிதாகத் தூக்கிச் செல்ல முடிந்த பகுதி எப்போதும் அதன் வெளித்தோற்றமே. அசைவைச் சில நொடிக் காணொளியில் காட்டிவிடலாம். தலையில் வாளை ஏந்துவதையும், வயிற்றுத் தசைகளை உருட்டுவதையும் பார்த்து உடனே கைதட்டலாம். ஒரு தும் இடம் மாறியதால் மேல் எகிப்தின் வயல்வெளி மேடைக்கு வந்துவிட்டதைச் சில நொடிகளில் காட்ட இயலாது. அதைச் சொல்லித்தர ஆசிரியரும், கேட்டுப் பழகப் பொறுமையும் வேண்டும். எகிப்தின் வீடுகளிலும் அரங்குகளிலும் அந்த அறிவைச் சுமந்திருக்கும் பெண்கள் மதிப்போடு கற்பிக்க இடமில்லாமல் போனால், உலகுக்கு எஞ்சப்போவது இசையிலிருந்து பிரிக்கப்பட்ட அசைவுகளின் பட்டியல் மட்டுமே. பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் அப்போது உண்மையாகிவிடும்.

எனவே, இந்நடனத்தில் ஒருவர் முன்னேறிவிட்டார் என்பதை எப்படி அறிவது என்று கேட்டால், விடை எளிது. அவர் ஆடி முடித்த பின், அவையில் இருப்பவர்கள் அதுவரை கவனியாத ஒரு குழலின் இழையையோ முழவின் அடியையோ பாடலில் புதிதாகக் கேட்டிருக்க வேண்டும். அவ்வாறு கேட்கச் செய்பவரே கலைஞர். அந்தத் தேர்ச்சிக்கு வயதோ உடல்வாகோ தடையன்று. கேட்கும் பொறுமை ஒன்றே தகுதி.